மண்ணுக்கு ஒரு தராசு



தேயிலைத் தோட்டத்திலே நிறுக்கப்படாத பொருள் இல்லை என்று சொல்லலாம். கொழுந்து நிறுக்கப்படுகின்றது. வாட்டி, அரைத்து, உலர்த்திய தேயிலை நிறுக்கப்படுகின்றது. மலைக்குப் போகும் உரமூட்டை நிறுக்கப்படுகின்றது. பங்கீட்டு அரிசி நிறுக்கப்பட்ட காலமும் ஒன்று இருந்தது. கூடையில் ஒரு கிலோ குறைந்தால் அதற்கும் கணக்கு உண்டு. அந்தக் கணக்கினால் ஒரு குடும்பத்தின் நாட்கூலி குறைவதும் உண்டு. ஆனால், இத்தனை தராசுகளுக்கும் தப்பி, மழை பெய்யுந்தோறும் மலையை விட்டு இறங்கிப் போகின்ற பொருள் ஒன்று இருக்கின்றது. அதுதான் மண்.

நுவரெலியாவிலோ அட்டனிலோ பெருமழை ஓய்ந்த காலைப்பொழுதில், தேயிலைச் செடிகளுக்கிடையே வெட்டிய கானை எட்டிப் பாருங்கள். அதிலே ஓடுவது தெளிந்த நீரன்று. செந்நிறக் கலங்கல் நீர். அது கானிலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து நானு ஓயாவுக்கும், கொத்மலை ஓயாவுக்கும், முடிவில் மகாவலி கங்கைக்கும் செல்லுகின்றது. மஸ்கெலியாப் பக்கத்து நீரோ களனி கங்கையை நாடிப் போகின்றது. நாள்தோறும் காணும் காட்சியாதலின் ஒருவரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. அந்தக் கலங்கலில் போகும் மண் எவ்வளவு? போன மண் மீண்டும் உண்டாவதற்கு எத்தனை காலம் செல்லும்? இவ்வினாக்களுக்கு விடை காண வல்ல தராசு ஒன்றை விஞ்ஞானிகள் அமைத்திருக்கின்றனர். அத்தராசின் படிக்கற்கள் எவை தெரியுமா? உலகம் கேட்டவுடனே அஞ்சுகின்ற கதிர்த்தொழிற்பாட்டு மூலகங்களே அவை. வியப்பாக இருக்கின்றதன்றோ? அந்த வியப்பான செய்தியைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

கதிர்த்தொழிற்பாடு என்றதும் அது எங்கோ மேனாட்டு அணு உலைகளுக்குரிய விஷயம் என்று பலர் நினைக்கின்றனர். உண்மை அதுவன்று. அந்தச் சாத்திரத்தின் தொடக்க அத்தியாயங்களிலே இலங்கைக்கு ஓர் இடம் உண்டு. சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வரான ஆனந்த குமாரசுவாமியைக் கலைஞானி என்றே நாம் அறிவோம். அவர் கலைக்கு வருமுன் கல்லை ஆராய்ந்தவர். 1903ஆம் ஆண்டு முதல் 1906ஆம் ஆண்டு வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராக அவர் இருந்தார். மலைநாட்டின் தென்சரிவிலே பலாங்கொடைப் பகுதியின் சரளைகளுக்கிடையே கிடைத்த கரிய கனமான கல்லொன்று அக்காலத்தில் ஆராயப்பட்டது. அது முன்னர் உலகம் அறியாத புதிய கனிப்பொருள் என்பது 1904ஆம் ஆண்டிலே தெளிவாயிற்று. பெரும்பகுதி தோரியமும், அதனுடன் யுரேனியமும் அடங்கிய அக்கல்லுக்குத் 'தோரியனைற்று' என்று பெயரிட்டனர்.

அந்தக் கல் கடல் கடந்து இலண்டனுக்குப் போயிற்று. அங்கே சேர் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் வேலை பழக வந்திருந்த ஒட்டோ ஹான் என்னும் ஜெர்மானிய இளைஞர், இலங்கைத் தோரியனைற்றிலிருந்து எடுத்த சரக்கை ஆராய்ந்து, 1905ஆம் ஆண்டில் 'ரேடியோதோரியம்' என்னும் புதிய கதிர்ப்பொருளைக் கண்டுபிடித்தார். அவர் கதிர் இரசாயனத் துறையிலேயே நிலைத்து நிற்பதற்கு அந்தக் கண்டுபிடிப்பே வழிவகுத்தது. அதே ஹான்தான் 1938ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்மனோடு சேர்ந்து யுரேனியக் கரு பிளவுபடுவதைக் கண்டவர். அதன் பின்னர் 1945ஆம் ஆண்டில் நடந்தவற்றை உலகம் அறியும். நம் மலைச்சரிவிலே பொறுக்கிய ஒரு கல், உலக சரித்திரத்தையே திருப்பிய ஒரு மனிதரின் கல்வியிலே முதற் பாடமாக அமைந்தது.

இனி, கதிர்த்தொழிற்பாடு என்பது யாது? சில அணுக்களின் கரு நிலையற்றது. அது தானாகவே சிதைந்து, கதிரை வீசி, வேறோர் அணுவாக மாறும். ஒரு வினாடிக்கு ஒரு சிதைவு நிகழுமாயின் அதனை ஒரு பெக்கரல் என்பர். இருக்கும் அணுக்களிலே சரிபாதி சிதைவதற்குச் செல்லும் காலம் அரைவாழ்வுக் காலம் எனப்படும். இவ்விரண்டு சொற்களையும் நினைவிற் கொண்டால் போதும். மற்றவை எளிதில் விளங்கும்.

மலைநாட்டுப் பாறைகள் மிகத் தொன்மையானவை. அவற்றிலும், அவை உக்கி உண்டான மண்ணிலும், தோரியமும் யுரேனியமும் பொற்றாசியமும் இயற்கையாகவே உள்ளன. பொற்றாசியத்திலே ஒரு சிறு பங்கு கதிர் வீசுவது. ஒரு கிராம் பொற்றாசியம் வினாடிக்கு ஏறத்தாழ 31 முறை சிதைவுறும். உலர்ந்த தேயிலையின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு பொற்றாசியம் இருப்பதால், ஒரு கிலோ தேயிலையில் 600 பெக்கரல் அளவு இயற்கைக் கதிர்த்தொழிற்பாடு உண்டு. இதைக் கேட்டு ஒருவரும் கோப்பையைக் கீழே வைத்துவிட வேண்டாம். வளர்ந்த மனிதனுடைய உடம்பிலேயே பொற்றாசியத்தினால் மட்டும் 4000 பெக்கரலுக்கு மேல் இருக்கின்றது. நாம் கதிர்களிடையே பிறந்து, கதிர்களிடையே வாழ்பவர்கள். 'இருக்கின்றதா?' என்று மட்டும் கேட்டு அஞ்சுவதிற் பயனில்லை, 'எது, எவ்வளவு?' என்று கேட்பதே அறிவுடைமை.

அவ்வாறு கேளாமையால் வரும் தீங்குக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி செர்னோபில் அணு உலை வெடித்தபோது, அதன் கழிவு கருங்கடலைக் கடந்து துருக்கி நாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் மேல் மழையோடு இறங்கிற்று. அந்த ஆண்டுக் கொழுந்திலே சீசியம் என்னும் கதிர்ப்பொருள் மிகுதியாகக் காணப்பட்டது. மக்கள் கலங்கினர். அந்நாட்டு அமைச்சர் ஒருவர், தேயிலையில் தீங்கில்லை என்று காட்டுவதற்காகத் தொலைக்காட்சியிலே தோன்றித் தேநீர் அருந்தினார். அமைச்சர் அருந்துவது அளவை ஆகுமா? ஆய்வுகூடத்தின் எண் ஒன்றே அளவை. பின்னர் அந்நாட்டில் பெருந்தொகையான தேயிலை அழிக்கப்பட்டது.

ஜப்பான் வேறு வழியிற் சென்றது. 2011ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே புக்குஷிமா அணு நிலையம் கடற்பேரலையால் சிதைந்தது. ஏறத்தாழ 300 கிலோமீற்றருக்கு அப்பால், கனகாவா மாகாணத்திலே பறித்த கொழுந்தில், அந்நாடு விதித்திருந்த 500 பெக்கரல் என்னும் எல்லைக்கு மேல் சீசியம் இருப்பதை மே மாதத்திலே அளந்து கண்டார்கள். உடனே விற்பனையை நிறுத்தினார்கள். விபத்து நடந்தபோது துளிர்த்திராத கொழுந்துக்குச் சீசியம் எவ்வாறு வந்தது? முற்றிய இலைகளின் மேல் விழுந்த சீசியத்தைச் செடி தன்னுள் ஏற்று, இளந்துளிருக்கு அனுப்பியிருந்தது. சீசியம் இரசாயன முறையில் பொற்றாசியத்தின் உறவு; ஆகவே செடி ஆளறியாது அதனை வரவேற்று விட்டது. அதற்கு அவர்கள் கண்ட மருந்தோ நம் தோட்டத்து மக்களுக்கு நன்கு தெரிந்ததே. செடிகளை ஆழமாகக் கவ்வாத்து வெட்டினார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளிலே தேயிலை தேறியது.

இலங்கையிலே அணு உலை இல்லை. செர்னோபிலும் புக்குஷிமாவும் நமக்கு மிகத் தொலைவு. ஏற்றுமதிப் பொருள்களையும், பிற நாடுகளிலிருந்து வரும் உணவுப் பொருள்களையும் அளப்பதற்கு இலங்கை அணுசக்திச் சபையின் ஆய்வுகூடம் இருக்கின்றது. ஆதலால் நம் கோப்பையைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. நாம் கவலை கொள்ள வேண்டியது கொழுந்தைப் பற்றியன்று. அந்தத் தூர் நிற்கும் மண்ணைப் பற்றியே. அந்தக் கவலையைக் காட்டுவதும் அதே சீசியந்தான்.

எவ்வாறென்று சொல்லுகின்றேன். 1945ஆம் ஆண்டுக்குப் பின்னர், வல்லரசுகள் வானவெளியிலே அணுகுண்டுகளை வெடித்துப் பரீட்சித்தன. அவற்றின் தூசி விண்ணிலே மிக உயரம் சென்று, உலகத்தைச் சுற்றி, ஆண்டுக்கணக்கில் மழையோடு இறங்கிற்று. 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவும் சோவியத்து நாடும் பிரித்தானியாவும் வானவெளிப் பரீட்சைகளை நிறுத்த உடன்படிக்கை செய்தன. அந்த ஆண்டை ஒட்டியே தூசி மிகுதியாக இறங்கியது. நம் மலைகளிலும் அது சிறிதளவு இறங்கிற்று. காடு என்றும் தேயிலை என்றும் பாராமல், வாசலிலே மஞ்சள் நீர் தெளித்தாற்போல, மழை பெய்த இடமெங்கும் சீசியம்-137 மெல்லிய படலமாகப் படிந்தது. படிந்த சீசியத்தைக் களிமண் துகள்கள் இறுகப் பிடித்துக் கொண்டன. அதன் பின்னர் அது நீரிலே எளிதில் கரைந்து போவதில்லை. மண் போனால்தான் அதுவும் போகும்.

இங்கேதான் ஆராய்ச்சியாளரின் கூரிய மதி வெளிப்படுகின்றது. மனிதர் கை படாத சமமான நிலமொன்றிலே மண்ணைத் தோண்டி அளந்தால், மழை தந்த சீசியம் முழுவதும் அங்கே இருக்கும். அதனை நூறு பங்கு என்று வைத்துக் கொள்வோம். அருகேயுள்ள தேயிலைச் சரிவிலே அளந்தபோது நாற்பது பங்கே இருந்தால், மற்ற அறுபது பங்கைச் சுமந்த மண் எங்கே? கழுவுண்டு போய்விட்டது. சரிவின் அடியிலே நூற்று முப்பது பங்கு இருந்தால், மேலிருந்து வந்த மண் அங்கே தங்கியிருக்கின்றது. இவ்வாறு, அணுகுண்டுப் பரீட்சைகளின் பயனாக விழுந்த நச்சுத் தூசியே, அறுபது ஆண்டு மண்ணரிப்பைச் சொல்லும் ஏடாக ஆகிவிட்டது. உலகின் பல நாடுகளிலும் இம்முறை கையாளப்பட்டு வருகின்றது.

அளக்கும் இடத்தை உங்கள் மனக்கண்ணால் பாருங்கள். பையிலே வந்த மண் உலர்த்தப்படுகின்றது, இடித்துச் சலிக்கப்படுகின்றது, நிறுத்து, மூடிய சிமிழிலே அடைக்கப்படுகின்றது. நான்கு புறமும் கனத்த ஈயச் சுவர் எழுப்பிய ஒரு சிறு அறையினுள்ளே சிமிழை வைக்கின்றனர். வெளியுலகக் கதிர்கள் உள்ளே புகுந்து கணக்கைக் கெடுக்காதிருக்கவே அந்தச் சுவர். உள்ளேயிருக்கும் உணர்கருவி ஜெர்மானியம் என்னும் குறைகடத்திப் பளிங்கினாலானது. பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை குளிருடைய திரவ நைதரசன் அதனைக் குளிர்விக்கின்றது. வீணையின் ஒவ்வொரு தந்தியும் தனக்குரிய சுரத்திலே ஒலிப்பதுபோல, ஒவ்வொரு கதிர்ப்பொருளும் தனக்குரிய சக்தியிலே கதிரை வீசும். பொற்றாசியம் இது, தோரியத்தின் வழித்தோன்றல் இது, சீசியம் இது என்று அக்கருவி பிரித்தறியும். வெப்பமண்டல நாடாகிய நம் நாட்டிலே விழுந்த சீசியம் குறைவு. ஆகவே ஒரு சிமிழை ஒரு பகலும் ஓரிரவும் எண்ண நேரிடும். இதிலே விரைவுக்கு இடமில்லை, பொறுமைக்கே இடம்.

ஆயினும் இந்த ஏடு மங்கி வருகின்றது. சீசியம்-137இன் அரைவாழ்வுக் காலம் 30 ஆண்டுகள். 1963ஆம் ஆண்டில் விழுந்ததிலே 2023ஆம் ஆண்டில் காற்பங்கே எஞ்சியது. இன்னும் சில பத்தாண்டுகளில் நம் மண்ணிலே அதனை அளப்பது மிகவும் அரிதாகிவிடும். எனவே, இப்போது அளவாத மலையின் கணக்கைப் பின்னர் இம்முறையால் அளக்க இயலாது.

சீசியம் அறுபது ஆண்டுக் கணக்கைச் சொல்லும். மனிதன் இம்மலைகளிலே காடு வெட்டுமுன் இயற்கை எவ்வளவு மண்ணை இழந்தது என்பதை அறிய, இன்னும் பழைய படிக்கல் வேண்டும். அதுதான் பெரிலியம்-10. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள், பளிங்குக்கல்லாகிய குவார்ட்ஸிலுள்ள ஒட்சிசன் அணுக்களைத் தாக்கும்போது இது உண்டாகின்றது. ஒரு கிராம் குவார்ட்ஸிலே ஓராண்டில் ஒரு சில அணுக்களே தோன்றும். மேற்பரப்பு மெல்லத் தேயுமாயின் கல் நெடுங்காலம் கதிருக்கு முகங்கொடுத்து, பெரிலியம் மிகுதியாகச் சேரும்; விரைவிலே தேயுமாயின் குறைவாகச் சேரும். இதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 14 இலட்சம் ஆண்டுகள்.

திலக் ஹேவாவசம் என்னும் இலங்கை ஆராய்ச்சியாளரும், பிளாங்கன்பர்க் முதலிய ஐரோப்பிய அறிஞரும் மேல் மகாவலிப் படுகையின் ஓடைமணலை எடுத்து இம்முறையிலே ஆராய்ந்து, 2003ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவர்கள் கண்டது இது: இயற்கை நிலையிலே ஒரு சதுர கிலோமீற்றர் நிலத்தில் ஆண்டுக்கு 13 முதல் 30 தொன் மண்ணே உண்டாகின்றது. ஆனால் ஆறுகளிலே அளந்த வண்டலின்படி, இக்காலத்திலே போவதோ 130 முதல் 2100 தொன் வரை. அதாவது, உண்டாவதைப் போலப் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை மண் இறங்கிப் போகின்றது.

இதனை வீட்டுக்கணக்காகச் சொல்லிப் பார்ப்போம். இயற்கை ஓரங்குல மண்ணைத் தருவதற்கு ஏறத்தாழ ஆயிரம் முதல் இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகள் செல்லுகின்றன. மிகுதியாக அரிக்கப்படும் நிலத்திலே அந்த ஓரங்குலம் பதினாறு ஆண்டுகளுக்குள் போய்விடும். சோழர் காலத்திலே உண்டாகத் தொடங்கிய மண், ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடிப்பதற்குள் ஆற்றோடு போகின்றது. வரவுக்குமேல் நூறு மடங்கு செலவு செய்யும் குடும்பம் எத்தனை நாள் நிலைக்கும்?

இதற்குத் தேயிலை ஒன்றே காரணம் என்பது நீதியாகாது. காட்டை முதலில் அழித்தது கோப்பி. 1869ஆம் ஆண்டிலே இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை வீழ்த்தியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1867ஆம் ஆண்டிலே, லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை நட்டிருந்தார். புல் ஒன்றும் தலைகாட்டக் கூடாது என்று நிலத்தைச் சுரண்டித் துப்புரவாக வைத்த அக்காலத்து முறை பெருந்தொகை மண்ணைக் கொண்டு போயிற்று. 5000 அடிக்கு மேலுள்ள காடுகளையேனும் விட்டுவைக்க வேண்டும் என்று தாவரவியல் மேதை ஜோசப் ஹூக்கர் 1873ஆம் ஆண்டிலே எச்சரித்தார். அந்த உயரத்திலே காடுகள் எஞ்சியிருப்பதனால்தான், மண் இருக்க வேண்டிய நிலை எது என்று இன்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகின்றது. நன்கு பராமரித்து, இலைக்கூரை நெருங்கி நிற்கும் தேயிலை மண்ணை நன்றாகவே காக்கும். தூர்கள் செத்து வெற்றிடம் விழுந்த பழைய மலைகளிலும், செங்குத்தான சரிவிலே வரம்பின்றிப் போடும் மரக்கறித் தோட்டங்களிலுமே இழப்பு மிகுதி.

போகும் மண் எங்கே போகின்றது? 1976ஆம் ஆண்டிலே அமைத்த பொல்கொல்லை அணையிலும், 1985ஆம் ஆண்டிலே திறந்த கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்களிலும் வண்டலாகப் படிகின்றது. மின்சாரத்துக்கும் வயலுக்கும் வேண்டிய நீர் நிற்க வேண்டிய இடத்திலே மலைமண் நிற்கின்றது. மேலே, போன மண்ணோடு உக்கலும் உரமும் போய்விடுகின்றன. மண் மெலிந்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் அன்றைய நிறுவை குறையும். மண்ணின் இழப்பு முதன்முதலாக வந்து விழுவது கொழுந்து பறிப்பவளின் கூடையிலேதான். ஏழு தலைமுறையாக அம்மண்ணிலே உழைத்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலமேனும் வேண்டும் என்ற குரல் இன்று மலையகமெங்கும் கேட்கின்றது. அது நியாயமான குரல். அந்நிலம் கைக்கு வரும் நாளில் அதிலே மண்ணும் இருக்க வேண்டுமன்றோ?

செய்ய வேண்டியவை புதியன அல்ல. 1925ஆம் ஆண்டிலே தொடங்கித் தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்திலே இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாகச் சொல்லி வருபவையே அவை. கவ்வாத்து வெட்டிய மிலாறையும் இலையையும் மலையிலேயே பரப்பிவிட வேண்டும். அடுப்புக்கு விறகில்லாத லயத்து வீட்டிலே இது எளிதன்று என்பதையும் அறிவோம். பருத்த கிளை அடுப்புக்குப் போகட்டும், இலையும் சுள்ளியும் மண்ணுக்குக் கிடக்கட்டும். கான்கள் தூர்ந்து போகாமல் பார்க்க வேண்டும். வெற்றிடங்களை நிரப்ப வேண்டும். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையிலே, மறுநடுகைக்கு முன் மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்ற வேண்டும். இவ்வேலைக்குச் செலவிடும் ஆள்நாளை வீண் என்று எண்ணும் நிருவாகம், தன் முதலை ஆற்றிலே விடுகின்றது.

இன்னுமொன்று சொல்லி முடிக்கின்றேன். மகாவலியின் கரையிலே, பேராதனையிலே பல்கலைக்கழகம் இருக்கின்றது. மண், நீர், கல் ஆகியவற்றின் இரசாயனத்தையும், அவை மனித உடல்நலத்தைத் தொடும் வகையையும் ஆராயும் துறை அங்கே நன்கு வளர்ந்திருக்கின்றது. அதன் பேராசிரியர்களான திசாநாயக்கவும் சந்திரஜித்தும் 2009ஆம் ஆண்டிலே மருத்துவப் புவியியல் பற்றி எழுதிய நூல் உலகெங்கும் பயிலப்படுகின்றது. கொழும்புப் பல்கலைக்கழகத்திலே அணுவிஞ்ஞானத் துறை ஒன்று உண்டு. மலைநாட்டு லயங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகும் பிள்ளைகள் இன்று இருக்கின்றனர். அவர்களுள் சிலரேனும் இவ்வாய்வுகூடங்களை நாட வேண்டும். எந்த மலையிலே கான் உடைகின்றது, எந்தச் சரிவிலே பாறை தெரியத் தொடங்கியது என்பதை நூலிற் படிக்கும் முன்னரே கண்ணாற் கண்டவர்கள் அவர்கள். அவர்களுடைய பாட்டிமாரின் கூடைகளைத் தோட்டம் நாள்தோறும் நிறுத்தது. அந்தப் பேரப்பிள்ளைகள் அந்த மலையின் மண்ணை நிறுக்கட்டும். சீசியத்தின் ஏடு மங்கி மறையுமுன்னே நிறுக்கட்டும்.